திங்கட்கிழமை விழுந்த குதிரைகள்

உழைத்த குதிரைகளின் வரலாறு – பகுதி 9

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெருநகரங்கள் குதிரையை நம்பி எப்படி வாழ்ந்தன என்று சென்ற பகுதியில் பார்த்தோம். 1829இல் ஜார்ஜ் ஷில்லிபீர் லண்டனில் மூன்று குதிரைகள் பூட்டிய ஆம்னிபஸ்ஸை ஓட்டத் தொடங்கினார். 1890களுக்கு வந்தபோது லண்டன் ஜெனரல் ஆம்னிபஸ் கம்பெனியின் லாயங்களில் மட்டும் ஏறத்தாழ பத்தாயிரம் குதிரைகள் நின்றன. 1872இல் வட அமெரிக்காவில் குதிரைக் காய்ச்சல் பரவி ஊர்களை முடக்கியதையும், அதே ஆண்டு நவம்பரில் பாஸ்டன் பற்றி எரிந்தபோது தீயணைப்பு வண்டிகளை மனிதர்களே கயிறு கட்டி இழுத்ததையும் படித்தோம்.

அந்தக் காய்ச்சல் ஒரு பருவத்தில் வந்து போய்விட்டது. இப்போது சொல்லப்போகும் நோய் அப்படிப்பட்டதல்ல. இது ஒரு குதிரையிடமிருந்து இன்னொன்றுக்குத் தொற்றாது, ஊரையே முடக்காது, செய்தித்தாளில் இடம்பிடிக்காது. ஆனால் ஆண்டு முழுவதும், ஓய்வு நாளுக்கு மறுநாள் காலையில், எங்கோ ஒரு தெருவில் ஒரு குதிரையைச் சாய்த்துக்கொண்டே இருந்தது. ஆங்கிலேய வண்டிக்காரர்கள் இதைத் 'திங்கட்கிழமைக் காலை நோய்' என்றார்கள். ஜெர்மானியர்கள் 'விடுமுறை நோய்' என்றார்கள். உழைக்கும் குதிரைகளின் வரலாற்றில் இதைவிட நீண்ட காலம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட நோய் அதிகமில்லை.

கால் மணி நேரத்தில்

ஞாயிற்றுக்கிழமை ஐரோப்பாவின் கிறிஸ்தவ ஊர்களில் சரக்கு வண்டிகள் ஓடுவதில்லை. மதுவாலை, நிலக்கரிக் கிடங்கு, ரயில்வே சரக்குக் கூடம், பண்ணை என எல்லா இடங்களிலும் இழுவைக் குதிரைகள் சனிக்கிழமை மாலை லாயத்துக்குள் கட்டப்பட்டால் திங்கள் விடியும்வரை அங்கேயே நிற்கும். பெரும்பாலான நகர லாயங்களில் ஒரு குதிரைக்கு அது நிற்கும் அகலம்தான் இடம். தலை சுவரைப் பார்த்தபடி கட்டப்பட்டிருக்கும். திரும்பக்கூட முடியாது. தீனித்தொட்டி மட்டும் எப்போதும்போல் நிறையும்.

திங்கட்கிழமை வண்டியில் பூட்டும்போது குதிரை துள்ளலோடு இருக்கும். நோய்வாய்ப்பட்டதன் சாயலே தெரியாது. பல நேரங்களில் லாயத்திலேயே நன்றாகத் தேறிய, சதைப்பிடிப்பான குதிரைதான் இந்த நோய்க்கு ஆளாகும். வண்டி கிளம்பிக் கால் மணி, மிஞ்சினால் ஒரு மணி நேரம். வேலைக்கு மீறி வியர்க்கத் தொடங்கும். நடை குறுகும். பின்னங்கால்களைத் தூக்கி வைக்காமல் இழுத்து வைக்கும். இடுப்பும் பிட்டமும் விறைக்கும். கை வைத்து அழுத்தினால் தசை மரக்கட்டைபோல் கெட்டித்திருக்கும். வலியில் மூச்சு வாங்கும், உடல் நடுங்கும், கண்கள் அகல விரியும். இன்னும் ஓட்டினால் பின்னங்கால்கள் மடிந்து சாலையிலேயே சரிந்துவிடும். அதற்குப் பின் அது கழிக்கும் சிறுநீர் காப்பி டிகாஷன் நிறத்தில் இருக்கும்.

லேசாக வந்தது என்றால் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ குதிரை தேறிவிடும். கடுமையாக வந்து விழுந்த குதிரையின் நிலை வேறு. எழுநூறு, எண்ணூறு கிலோ எடையுள்ள உடல் ஒரே பக்கமாகக் கிடந்தால், அந்த எடையே அடியிலுள்ள தசைகளை நசுக்கும். எழ முயன்று முயன்று தோற்கும். படுக்கைப் புண் வரும், சிறுநீரகம் செயலிழக்கும். சிலவற்றை அகலமான பட்டைகளில் கட்டிக் கூரை உத்தரத்திலிருந்து தொங்கவிட்டு நிறுத்திப் பார்த்தார்கள். பிழைத்த குதிரைகள் சிலவற்றுக்குத் தொடைத் தசை சூம்பிப்போய், பழைய பாரத்தை மறுபடி இழுக்க முடியாமலே போனது.

இந்த நோயில் மனிதர் செய்த முதல் தவறு சாட்டை. நேற்று முழுவதும் சும்மா நின்று தின்ற குதிரை இன்று நடக்க மறுத்தால், அது சோம்பல் என்று எண்ணுவது எளிது. இரண்டாவது தவறு நல்ல எண்ணத்தில் நடந்தது. குதிரைக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்ததும் அதை லாயத்துக்கு நடத்திக் கூட்டிப்போனார்கள். ஏற்கெனவே சிதைந்துகொண்டிருக்கும் தசைக்கு அந்த நடை மேலும் சிதைவைத் தந்தது. தெருவோரத்திலேயே நிறுத்தி, போர்வை போர்த்தி, அசையாமல் வைத்திருந்தால் பிழைத்திருக்கக்கூடிய குதிரைகள் லாய வாசலில் விழுந்தன.

அதே திங்கட்கிழமையில் வேறொரு நோயும் வரும். பின்னங்கால் ஒன்று இரவோடிரவாக வீங்கித் தூண்போல் ஆகிவிடும். அது நிணநீர் நாளங்களின் அழற்சி. இரண்டுமே ஓய்வுக்குப் பின் வந்ததால் லாயங்களில் இரண்டையும் திங்கட்கிழமையின் பெயராலேயே அழைத்தார்கள். ஒன்றின் மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்த குழப்பத்துக்கும் இது இடம் தந்தது.

தீனியின் கணக்கு

ஓய்வெடுத்த விலங்குக்கு ஏன் நோய்? இதற்கு விடை தேட, குதிரைகள் என்ன தின்றன என்று பார்க்க வேண்டும்.

புல்வெளியில் திரியும் குதிரை நாளின் பெரும்பகுதியை மேய்ந்துகொண்டே, மெல்ல நடந்துகொண்டே கழிக்கும். அதன் குடலும் தசையும் அந்த வாழ்க்கைக்காக உருவானவை. நகரத்து இழுவைக் குதிரைக்கு மேய நேரமும் இல்லை, இடமும் இல்லை. எனவே குறைந்த நேரத்தில் நிறைய ஆற்றல் தரும் தானியத்தைக் கொடுத்தார்கள்: ஓட்ஸ், மக்காச்சோளம், பயறு வகைகள். கனமான பாரம் இழுக்கும் குதிரைக்கு நாளொன்றுக்கு ஏழெட்டுக் கிலோ தானியம் வைப்பது அக்காலத்தில் சாதாரணம். உலர்புல் தனி.

ஆயிரக்கணக்கில் குதிரைகள் வைத்திருந்த கம்பெனிகளுக்குத் தீனிதான் மிகப்பெரிய செலவு. அதனால் இந்தத் துறையில் அறிவியல் வேகமாக வளர்ந்தது. பாரிஸ் நகர வாடகை வண்டிக் கம்பெனியின் குதிரைகளை வைத்து 1880களில் லூயி கிராந்தோவும் அலெக்சாந்தர் லெக்ளேரும் தீவனச் சோதனைகள் செய்தார்கள். பாரிஸ் ஆம்னிபஸ் கம்பெனியின் குதிரைப் படையை நிர்வகித்த லவலார் 1888இல் குதிரையையும் போக்குவரத்துத் தொழிலையும் பற்றி விரிவான நூல் எழுதினார். பெர்லினில் நாதன் சுன்ட்ஸ் குதிரையை நகரும் நடைமேடையில் நடக்கவிட்டு, அது உள்ளிழுக்கும் ஆக்சிஜனை அளந்து, ஓர் அடி வேலைக்கு உடல் எவ்வளவு செலவழிக்கிறது என்று கணக்கிட்டார். இவையெல்லாம் மதிப்புமிக்க ஆராய்ச்சிகள். உயிருள்ள உடலின் ஆற்றல் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் ஒரு பங்கு இந்த வண்டிக் குதிரைகளின் உழைப்பிலிருந்து வந்தது.

ஆனால் அந்தக் கணக்கு லாயத்துக்கு வந்து சேர்ந்தபோது ஒரு பக்கம் விடுபட்டது. வேலைக்கு ஏற்ற தீனி என்று அட்டவணை போட்டவர்கள், வேலை இல்லாத நாளுக்கு ஏற்ற தீனியை எல்லா இடங்களிலும் அட்டவணையில் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை லாயத்தில் ஆள் குறைவு. சனிக்கிழமை அளந்து வைத்த அதே அளவைத் தொட்டியில் கொட்டிவிட்டுப் போவது எளிது. ஆறு நாள் உழைப்புக்கென அளந்த உணவு, ஓர் அடிகூட நகராத உடலுக்குள் போய்ச் சேர்ந்தது.

இதை முதலில் கண்டுகொண்டவர்கள் லாயத்தில் வேலை செய்தவர்கள். எழுதப் படிக்கத் தெரியாத குதிரைக்காரர்கள் பலர் ஒரு வழக்கத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கடைப்பிடித்தார்கள். சனிக்கிழமை இரவு தானியத்தை நிறுத்திவிட்டு, வெந்நீரில் ஊறிய தவிட்டுக் கூழ் வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை தானியத்தைப் பாதியாகவோ அதற்கும் குறைவாகவோ ஆக்குவார்கள். மாலையில் அரை மணி நேரம் முற்றத்தில் நடத்துவார்கள். திங்கள் காலை முதல் மைலை மெதுவாக ஓட்டுவார்கள். குதிரை விறைக்கிறது என்று தெரிந்தால் அந்த இடத்திலேயே பாரத்தை அவிழ்ப்பார்கள்.

இந்த வழக்கத்தின் காரணத்தை அவர்களால் சொல்ல முடியாது. கேட்டால் "இரத்தம் சூடேறாமல் இருக்க" என்பார்கள். ஆனால் அந்த லாயங்களில் குதிரைகள் குறைவாக விழுந்தன. அடுத்த நூறாண்டுகளில் அறிஞர்கள் இந்த நோய்க்கு ஐந்தாறு விளக்கங்கள் சொன்னார்கள், ஒவ்வொன்றாகக் கைவிட்டார்கள். லாயக்காரர்களின் இந்த வழக்கத்தை மட்டும் எவராலும் தள்ள முடியவில்லை.

கறுத்த சிறுநீரின் புதிர்

ஐரோப்பாவின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி 1761இல் குளோது பூர்ழெலாவின் முயற்சியால் லியோனில் நிறுவப்பட்டது. லண்டனில் 1791இல் கல்லூரி வந்தது. அங்கே பயின்றவர்கள் நகரங்களுக்கு வந்து வண்டிக் குதிரைகளைப் பார்க்கத் தொடங்கியபோது, அவர்கள் கண்ணில் முதலில் பட்டது கறுத்த சிறுநீர். ஆகவே இது சிறுநீரக நோய் என்று ஒரு சாரார் முடிவு செய்தார்கள். பின்னங்கால்கள் செயலிழந்ததைப் பார்த்தவர்கள் முதுகுத்தண்டில் கோளாறு என்றார்கள். குளிர்காலத்தில் அதிகம் வந்ததைக் கவனித்தவர்கள் சூடான லாயத்திலிருந்து குளிர்காற்றுக்குள் வந்ததால் ஏற்பட்ட வாதம் என்றார்கள். வளமான தீனியால் இரத்தத்தில் நைட்ரஜன் கலந்த கழிவு பெருகி, அது சிறுநீரில் வழிகிறது என்பது இங்கிலாந்தில் பரவலாக நம்பப்பட்ட விளக்கம். அங்கே நோயின் மருத்துவப் பெயரே அதிலிருந்துதான் பிறந்தது.

ஒவ்வொரு விளக்கத்துக்கும் ஒரு சிகிச்சை. இரத்த நாளத்தைக் கீறி இரத்தத்தை வடித்தார்கள். கற்றாழைச் சாறு கொடுத்துப் பேதியாக்கினார்கள். முதுகில் கடுகுப் பற்றுப் போட்டார்கள். வலியில் வியர்த்துக் கொட்டி, உடலின் நீரை ஏற்கெனவே இழந்துகொண்டிருந்த விலங்குக்கு இரத்தம் வடிப்பதும் பேதி கொடுப்பதும் எவ்வளவு தீங்கு என்பது இன்று நமக்குத் தெரிகிறது. கறுத்த நிறமியைச் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டுமானால் உடலுக்கு நிறைய நீர் வேண்டும். அன்றைய சிகிச்சை அந்த நீரையே பறித்தது.

நுண்ணோக்கியும் நிறமாலைக் கருவியும் வந்தபின் சிறுநீரில் இருப்பது சாதாரண இரத்தமல்ல என்று தெரிந்தது. முழுமையான இரத்த அணுக்கள் அதில் இல்லை; சிவப்பு நிறமி மட்டும் கரைந்திருந்தது. இரத்த அணுக்கள் உடைந்து ஹீமோகுளோபின் வெளியேறுகிறது என்று முடிவு கட்டினார்கள். உண்மைக்கு அருகே வந்து நின்றார்கள். ஆனால் நிறமி இரத்தத்திலிருந்து வரவில்லை. தசையிலிருந்து வந்தது.

தசைக்குத் தன் சொந்தச் சிவப்பு நிறமி உண்டு. ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும் அந்தப் புரதத்துக்கு மயோகுளோபின் என்று பெயர். சுவீடனைச் சேர்ந்த ஹூகோ தியோரெல் 1932இல் அதைப் படிக வடிவில் பிரித்தெடுத்தார். அவர் எடுத்துக்கொண்டது குதிரையின் தசை. தசை நார்கள் பெருமளவில் சிதைந்தால் இந்தப் புரதம் இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தின் நுண்குழல்களை அடைத்து, சிறுநீரைக் கறுப்பாக்குகிறது. சிறுநீரகமும் முதுகுத்தண்டும் இரத்தமும் குற்றவாளிகள் அல்ல. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதுபோல, கண்ணுக்குத் தெரிந்த உறுப்புகள்மேல் பழி விழுந்துகொண்டிருந்தது.

இதன் பயன் மனிதருக்கும் வந்தது. தசை வலி, பலவீனம், கறுத்த சிறுநீர் ஆகிய மூன்றும் சேர்ந்து மனிதரிடம் வருவதை ஜெர்மன் மருத்துவர் மேயர்-பெட்ஸ் 1910இல் விவரித்திருந்தார். 1940–41இல் லண்டன்மீது ஜெர்மன் விமானங்கள் குண்டு வீசியபோது, இடிபாடுகளுக்கு அடியில் மணிக்கணக்கில் நசுங்கிக் கிடந்தவர்களை உயிரோடு மீட்டார்கள். முதலில் நலமாகத் தெரிந்த அவர்களின் சிறுநீர் கறுத்தது, பிறகு நின்றது. சில நாட்களில் இறந்தார்கள். ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் எரிக் பைவாட்டர்ஸும் டெஸ்மண்ட் பீலும் 1941இல் இதை விவரித்தார்கள். அதே ஆண்டில் பைவாட்டர்ஸும் அவருடைய சகாக்களும் அந்த நிறமி தசையிலிருந்து வருவது என்று காட்டினார்கள். இடிபாட்டில் கிடந்த மனிதர் உடலிலும் சாலையில் விழுந்த குதிரை உடலிலும் ஒரே அழிவு நடந்தது. இன்று நிலநடுக்கத்தில் மீட்கப்படுபவர்களுக்கு உடனே இரத்த நாளம் வழியாக நீர் ஏற்றுவது இந்த அறிவின் விளைவு.

அமிலம் என்ற விடை

தசை சிதைகிறது, சரி. ஏன் சிதைகிறது? ஏன் ஓய்வுக்குப் பிறகு?

1930களின் தொடக்கத்தில் சுவீடனைச் சேர்ந்த கார்ல்ஸ்ட்ரோம் இதற்கு ஓர் அழகான விடை தந்தார். அந்த விடைக்கு வேண்டிய கற்கள் ஏற்கெனவே செதுக்கப்பட்டிருந்தன. பெர்சீலியஸ் 1807இலேயே தசையில் லாக்டிக் அமிலம் இருப்பதைக் கண்டிருந்தார். உடல் சர்க்கரையைக் கிளைகோஜனாகச் சேமிக்கிறது என்று 1857இல் குளோது பெர்னார் காட்டினார். வேலை செய்யும் தசையில் லாக்டிக் அமிலம் சேர்வதை 1907இல் பிளெட்சரும் ஹாப்கின்ஸும் அளந்து காட்டினார்கள். கார்ல்ஸ்ட்ரோம் இவற்றை இணைத்தார். ஓய்வு நாளில் தின்ற தானியம் கிளைகோஜனாகத் தசையில் குவிகிறது. திங்கட்கிழமை வேலை தொடங்கியதும் அந்தக் குவியல் முழுவதும் ஒரே வேகத்தில் லாக்டிக் அமிலமாக மாறுகிறது. அமிலத்தில் தசை வீங்குகிறது, இரத்த ஓட்டம் தடைபடுகிறது, நார்கள் சாகின்றன.

இந்த விளக்கம் பாடநூல்களில் நிலைத்தது. அடுத்த நாற்பது, ஐம்பது ஆண்டுகள் கால்நடை மருத்துவ மாணவர்கள் இதைத்தான் படித்தார்கள். தீனி, ஓய்வு, வேலை மூன்றையும் ஒரே வரியில் கோத்துத் தந்ததால் எல்லோருக்கும் திருப்தி. அதற்குள் மோட்டார் வந்துவிட்டது. லண்டன் ஜெனரல் கம்பெனி 1911லேயே தன் கடைசிக் குதிரை பஸ்ஸை நிறுத்திவிட்டது. நோய் விழும் தெருக்களே மறைந்ததால், விளக்கத்தைச் சோதித்துப் பார்க்கும் அவசரம் எவருக்கும் இல்லை.

ஆனால் ஒரு கேள்வி விடையில்லாமல் நின்றது. பந்தயக் குதிரை இரண்டு நிமிடம் முழு மூச்சாக ஓடும்போது அதன் தசையிலும் இரத்தத்திலும் லாக்டிக் அமிலம் பலமடங்கு ஏறுகிறது. அது விழுவதில்லை, சிறிது நேரத்தில் இயல்புக்குத் திரும்புகிறது. நிலக்கரி வண்டிக் குதிரையோ நடைவேகத்தில் சென்றது. அந்த வேகத்தில் தசைக்கு ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும், அமிலம் பெரிதாகச் சேராது. அமிலமே காரணம் என்றால் ஓடிய குதிரை விழுந்திருக்க வேண்டும், நடந்த குதிரை நின்றிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு.

இந்தக் கேள்வியைத் தசைக்குள்ளேயே போய்க் கேட்கும் வழி 1970களில் திறந்தது. மனிதத் தசையிலிருந்து தடித்த ஊசியால் சிறு துணுக்கை எடுக்கும் முறையை ஜோனஸ் பெர்க்ஸ்ட்ரோம் 1962இல் சுவீடனில் புழக்கத்துக்குக் கொண்டுவந்திருந்தார். அதே நாட்டில் ஆர்னே லிண்ட்ஹோம் அந்த ஊசியைக் குதிரைகளுக்குப் பயன்படுத்தினார். 1974இல் அவர் வெளியிட்ட ஆய்வுகள், விறைத்துப்போன பந்தயக் குதிரைகளின் பிட்டத் தசையில் என்ன நடக்கிறது என்று நார்வாரியாகக் காட்டின. பிறகு வந்தவர்கள், குறிப்பாக ஸ்டெஃபனி வால்பர்க்கும் அவரது சகாக்களும், நோய் தாக்கிய குதிரைகளின் தசையில் அமிலத்தை நேரடியாக அளந்தார்கள். அமிலம் மிகவில்லை. அறுபது ஆண்டு விளக்கம் அங்கே சரிந்தது.

பிறப்பிலேயே வந்த கோளாறு

அப்படியானால் ஓய்வும் தானியமும் குற்றமற்றவையா? இல்லை. கார்ல்ஸ்ட்ரோம் கிளைகோஜனைச் சந்தேகித்ததில் ஒரு பாதி உண்மை இருந்தது.

1992இல் வால்பர்க் குழுவினர், திரும்பத் திரும்ப விறைத்துப்போகும் அமெரிக்கக் குவார்ட்டர் குதிரைகளின் தசையில் அளவுக்கு மீறிய கிளைகோஜனையும், அதோடு இயல்புக்கு மாறான ஒரு சர்க்கரைத் தொடர்ப்பொருளையும் கண்டார்கள். அது நார்களுக்குள் திட்டுத்திட்டாகப் படிந்திருந்தது. நோய் குடும்பங்களில் ஓடியது. 2008இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மாலி மெக்கூ, வால்பர்க், ஜேம்ஸ் மிக்கெல்சன் ஆகியோர் அதன் மூலத்தைக் கண்டுபிடித்தார்கள். கிளைகோஜனைக் கட்டும் நொதிக்கு உத்தரவு தரும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அதனால் அந்தப் புரதத்தின் 309ஆம் இடத்தில் அர்ஜினின் இருக்க வேண்டிய இடத்தில் ஹிஸ்டிடின் வந்து உட்கார்ந்தது. அந்த மாற்றம் நொதியை ஓயாமல் வேலை செய்ய வைத்தது. தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ ஒரு பிரதி வந்தாலே போதும், குதிரைக்கு நோய் வர வாய்ப்பு உண்டு.

இப்போது பழைய திங்கட்கிழமையை மறுபடி பார்ப்போம். தானியத்தில் மாவுச்சத்து அதிகம். அது இரத்தத்தில் சர்க்கரையாகி இன்சுலினை ஏற்றுகிறது. இன்சுலின் அந்த நொதியை இன்னும் தூண்டுகிறது. ஒருநாள் முழுக்க அசையாமல் நின்றால் சேர்ந்தது செலவாவதில்லை. தசை முழுக்கச் சேமிப்பை வைத்துக்கொண்டே, வேலை தொடங்கும் அந்தச் சில நிமிடங்களில் தசை நார்கள் ஆற்றலுக்குத் தவிக்கின்றன. சேமிப்பை நோக்கியே திருப்பப்பட்ட அந்த உடலால் சர்க்கரையையும் கொழுப்பையும் வேண்டிய வேகத்தில் எரிக்க முடிவதில்லை. ஆற்றல் தீர்ந்த நார் சுருங்கிய நிலையிலிருந்து விடுபட முடியாமல் இறுகி, பிறகு சிதைகிறது. மாவுச்சத்தைக் குறைத்து, வேண்டிய ஆற்றலைக் கொழுப்பாகக் கொடுத்து, தினமும் உடலை அசைய வைத்தால் இந்தக் குதிரைகளில் பெரும்பாலானவை நலமாக வாழ்கின்றன. இது இன்றைய மருத்துவர்கள் எழுதித் தரும் சிகிச்சை. சனிக்கிழமை இரவு தானியத்தை நிறுத்தி, ஞாயிறு மாலை முற்றத்தில் நடத்திய அந்தக் குதிரைக்காரர் செய்ததும் ஏறக்குறைய இதுதான்.

எந்தக் குதிரைகளில் இந்த மரபணு அதிகம் என்று தேடியபோது வரலாறு இன்னும் தெளிந்தது. ஐரோப்பாவில் சோதிக்கப்பட்ட பெல்ஜிய இழுவைக் குதிரைகளில் பத்தில் ஒன்பது அளவுக்கு அது இருந்தது. பிரான்சின் கோந்த்வா, பிரெத்தோன் இனங்களில் பாதிக்கு மேல். அமெரிக்காவின் பெர்ஷெரான்களிலும் அப்படியே. ஆம்னிபஸ்களையும் பீரங்கிகளையும் கலப்பைகளையும் இழுத்த கண்டத்துக் கனரக இனங்கள் இவை. இனங்கள் தனித்தனிப் பதிவேடுகளாகப் பிரிக்கப்படும் முன்பே இந்த மாற்றம் தோன்றிவிட்டது என்பதும் தெரிந்தது. குறைந்த தீனியில் சதை வைக்கும், நாள்தோறும் உழைக்கும் குதிரைக்கு இந்த நொதி ஒரு காலத்தில் உதவியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அரைகுறைப் புல்லும் ஓயாத உழைப்பும் இருந்த காலத்தில் அது சொத்து. தொட்டி நிறையத் தானியமும் ஒருநாள் முழுச் சிறையும் வந்தபோது அதே சொத்து நஞ்சானது.

எல்லாத் திங்கட்கிழமைகளையும் இந்த ஒரு மரபணுவின் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. இங்கிலாந்தின் ஷயர், ஸ்காட்லாந்தின் கிளைட்ஸ்டேல் இனங்களில் அது ஏறத்தாழ இல்லை. ஆனால் அந்த நாடுகளின் லாயங்களும் இந்த நோயைக் கண்டன. பந்தயத்துக்கென வளர்க்கப்படும் தரோபிரெட் குதிரைகளில் வேறொரு வகை உண்டு. தசைக்குள் கால்சியத்தின் போக்கு சீர்கெடுவதோடு அது தொடர்புடையதாகத் தெரிகிறது. பதற்றமான சுபாவம் உள்ள இளம் பெண்குதிரைகளை அது அதிகம் தாக்குகிறது. அங்கேயும் ஒருநாள் லாயத்தில் அடைத்து வைத்து நிறையத் தானியம் கொடுத்தால் மறுநாள் ஆபத்து கூடுகிறது. நோயின் வேர்கள் பல. அவற்றுக்கு நீர் ஊற்றிய கை ஒன்று.

யாருடைய கணக்கில் எழுதுவது?

இந்த நோயின் வரலாற்றைப் படிக்கும்போது என் மனதில் நிற்கும் முடிவு ஒன்றுதான். குதிரையை நோயாளியாக்கியது ஓய்வு அல்ல. உழைப்புக்காக மட்டும் அதற்கு உணவளித்து, உழைப்பு இல்லாத நேரத்தில் அதை ஒரு பொருளாக மூலையில் நிறுத்தி வைத்த ஏற்பாடுதான். ஓய்வு என்று நாம் சொன்னது அதற்கு ஓய்வாக இருக்கவில்லை. நடந்து மேய்வதற்காகப் பிறந்த உடலுக்கு முப்பத்தாறு மணி நேரம் சுவரைப் பார்த்து நிற்பது தண்டனை. அந்த நாளில் அதைப் புல்வெளியில் அவிழ்த்து விட்டிருந்தால் திங்கட்கிழமை நோயின் வரலாறு மிகச் சிறியதாக இருந்திருக்கும். நிலம் விலையுயர்ந்த நகரத்தில் அதற்கு இடமில்லை என்பது காரணம்தான். அந்த இடமின்மையின் விலையைக் குதிரைகள் கொடுத்தன.

இரண்டாவது, அறிவு எங்கே இருந்தது என்பது. புத்தகங்கள் சிறுநீரகம், முதுகுத்தண்டு, நைட்ரஜன், குளிர், அமிலம் என்று மாறி மாறிச் சொன்ன காலமெல்லாம், தினமும் குதிரையின் பிட்டத்தைத் தடவிப் பார்த்தவர்களுக்கு எதைச் செய்யக் கூடாது என்று தெரிந்திருந்தது. அவர்களுடைய விளக்கம் தவறு. அவர்களுடைய கவனிப்பு சரி. அறிவியல் அந்தக் கவனிப்பை ஒதுக்காமல், அதற்குக் காரணம் தேடிய இடங்களில்தான் முன்னேறியது. தீனியையும் ஓய்வையும் ஆராய்ந்த கார்ல்ஸ்ட்ரோம் விடையில் தவறினார். ஆனால் சரியான கதவைத் தட்டினார். அவருக்குப் பின் வந்தவர்கள் அதே கதவைத்தான் திறந்தார்கள்.

வேலைக் குதிரைகள் உலகத்தைவிட்டுப் போய்விடவில்லை. அமெரிக்காவின் அமிஷ் சமூகத்தினர் இன்றும் பெல்ஜியன், பெர்ஷெரான் குதிரைகளைக் கொண்டு உழுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஏர் பூட்டுவதில்லை. பந்தய மைதானங்களிலும் சவாரிப் பள்ளிகளிலும் ஓய்வு நாளுக்கு மறுநாள் விறைத்து நிற்கும் குதிரைகளை மருத்துவர்கள் இன்றும் பார்க்கிறார்கள். பிடரி மயிர்க் கற்றையை வேரோடு அனுப்பினால் மரபணுவைச் சோதித்துச் சொல்லிவிடுகிறார்கள். இரத்தத்தில் தசை நொதியை அளந்தால் சிதைவின் அளவு தெரிந்துவிடுகிறது. இத்தனை வசதிக்குப் பிறகும் குதிரை வைத்திருப்பவருக்கு மருத்துவர் சொல்லும் அறிவுரை நான்கு வரிதான்: வேலை இல்லாத நாளில் தானியத்தைக் குறையுங்கள். தினமும் அசைய விடுங்கள். மெதுவாகத் தொடங்குங்கள். விறைத்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி மருத்துவரை அழையுங்கள்; நடத்தாதீர்கள், அடிக்காதீர்கள்.

இந்த நான்கு வரிகளும் எளியவை, செலவு குறைந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நல்ல லாயங்களில் இவை நடைமுறையில் இருந்தன. பக்கத்துத் தெரு லாயத்தில் இல்லாமல் போனதற்குக் காரணம் அறியாமை மட்டுமல்ல. ஞாயிற்றுக்கிழமை மாலை அரை மணி நேரம் குதிரையை நடத்த ஓர் ஆளுக்குக் கூலி கொடுக்க வேண்டியிருந்தது. விழுந்த குதிரைகளின் வரலாற்றை எழுதும்போது அந்த அரை மணி நேரக் கூலியையும் சேர்த்து எழுதுவதுதான் நியாயம்.

(அடுத்த பகுதியில்: போர்முனைக்குக் கப்பலேறிய குதிரைகள்)